சொக்சோவின் இலாட் பென்ஷன்: எண்டோமெட்ரியோசிஸ் வலியோடு வாழ்பவர்களுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

மலேசியாவில் சம்பளச் சீட்டில் மாதாமாதம் சொக்சோ, அதாவது சமூகப் பாதுகாப்பு நிறுவனம், என்று ஒரு சின்னத் தொகை கழியும். 2,400 வெள்ளி (ரிங்கிட்) சம்பளக்காரருக்கு அது ஏறத்தாழ 12 வெள்ளி. வேலையிடத்தில் கை நசுங்கினால், வேலைக்குப் போகும் வழியில் மோட்டாரிலிருந்து விழுந்தால் கிடைக்கும் பணம் அது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விபத்துத் திட்டத்துக்கான பணத்தை முதலாளிதான் கட்டுகிறார். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து போகும் அந்த அரை விழுக்காடு, முதலாளியின் இன்னோர் அரை விழுக்காட்டோடு சேர்ந்து, கெஈலாத்தான் என்னும் வேறொரு திட்டத்துக்குப் போகிறது. நோயால் உழைக்க முடியாமல் போனவருக்கு இலாட் (இயலாமை) பென்ஷன் என்னும் மாதப் பென்ஷன் தரும் திட்டம் அது. நோய் வேலையால் வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதில் கிடையாது.

எண்டோமெட்ரியோசிஸும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் ஓயாத வலியும் உள்ள பெண்களுக்கு இந்தத் திட்டம் எப்படி? தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உழைக்கும் சக்தி பெரும்பாலும் போய்விட்டவர்களுக்கு, மாதாமாதம் கைக்குப் பணம் வர இந்த நாட்டில் இதைவிட உறுதியான வழி இல்லை. பாதி நாள் வேலை பார்க்க முடிகிறவர்களுக்கு இதில் ஒரு காசும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களில் பலர் காகிதத்தில் தோற்றுப்போகிறார்கள், அதுதான் நெஞ்சை அறுக்கிறது. இந்தத் திட்டம் வலியை அளப்பதில்லை. சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. விண்ணப்பத்தில் வைக்கும் ஒவ்வொரு தாளும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நோயைப் பற்றி இங்கே அதிகம் வேண்டாம். கருப்பையின் உள்பூச்சைப் போன்ற திசு சூலகம், குடல், சிறுநீர்ப்பை, அடிவயிற்றுச் சவ்வு என்று வெளியே வளர்ந்து, வீங்கி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நரம்பு மண்டலமே அதைப் பெருக்கிக் காட்டப் பழகிவிடும். அதன்பிறகு மாதவிடாய் இல்லாத நாளிலும் வலிக்கும், கட்டியை வெட்டி எடுத்த பிறகும் வலிக்கும். விண்ணப்பிப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒன்று முதல் நான்கு வரை டாக்டர்கள் சொல்லும் ‘ஸ்டேஜ்’, திசு எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று புள்ளி போட்டுக் கணக்கிட்டது. 40 புள்ளிக்கு மேல் போனால் நான்காம் நிலை. வலியின் அளவுக்கும் அந்த எண்ணுக்கும் நேரான தொடர்பு இல்லை. முதல் நிலைக்காரர் மாதத்தில் பாதி நாள் படுக்கையில் கிடப்பார். நான்காம் நிலைக்காரர் ஒருவர், குழந்தை தரிக்கவில்லையே என்று பரிசோதனைக்குப் போன இடத்தில்தான் நோய் இருப்பதையே தெரிந்துகொள்வார். ‘ஸ்டேஜ் 2’ என்பதோடு நின்றுவிடும் ரிப்போர்ட், படிப்பவரிடம் ‘சுமாரான நோய்’ என்றுதான் போய்ச் சேரும்.

1969-ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இலாட் என்பதை இப்படி வரையறுக்கிறது: குணமாகாத, அல்லது குணமாகும் வாய்ப்பில்லாத, நிரந்தர நோய்நிலை ஒன்று இருக்க வேண்டும். அதன் காரணமாக, தன் உடல்வலுவுக்கு ஏற்ற வேலையைச் செய்தும்கூட, நல்ல உடம்புள்ள ஒரு தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கை எட்ட முடியாத நிலை இருக்க வேண்டும்.

எண்டோமெட்ரியோசிஸ் விண்ணப்பம் இதில் மூன்று இடங்களில் இடறும். முதலாவது ‘நிரந்தரம்’. அறுவைக்குத் தேதி குறித்திருக்கும்போதோ, புது ஹார்மோன் மருந்து தொடங்கி இரண்டு மாதம் ஆகும்போதோ போய் நின்றால், ‘சிகிச்சை முடியட்டும்’ என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் தவறு சொல்ல முடியாது. என்னென்ன சிகிச்சை முயன்றாகிவிட்டது, ஒவ்வொன்றும் ஏன் பலிக்கவில்லை என்று காட்ட முடிகிற நேரமே சரியான நேரம். ‘மாதவிடாய் நின்றால் சரியாகிவிடும்’, ‘கருப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடும்’ என்ற எண்ணமும் இந்த இடத்தில்தான் எதிரே வந்து நிற்கும். கருப்பையை எடுத்த பிறகும் வலி நின்றபாடில்லை என்றால், அது ரிப்போர்ட்டில் தனி வரியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது ‘உடல்வலுவுக்கு ஏற்ற வேலை’. பழைய வேலைக்குத் திரும்ப முடியாது என்று நிரூபித்தால் போதாது. மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்று கல்லா பார்த்தவரிடம், உட்கார்ந்து போன் எடுக்கும் வேலை முடியுமா என்று கேட்பார்கள். அதற்கும் பதில் வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாதது, மருந்தின் மயக்கத்தில் கணக்குத் தவறுவது, எந்த நாள் வர முடியும் என்று முதலாளிக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாதது எல்லாம் இங்கேதான் பேச வேண்டும்.

மூன்றாவது அந்த மூன்றில் ஒரு பங்கு. இந்த நோய்க்கு இது கொடுமையான கோடு என்பதே எங்கள் கருத்து. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் மூன்றில் ஒரு பங்கு 567 வெள்ளிகூட இல்லை. வாரத்தில் இரண்டு நாள் ஒழுங்காக வேலைக்குப் போக முடிந்தாலே கோட்டைத் தாண்டிவிடும். மாதத்தில் பத்து நாள் நன்றாக இருந்து இருபது நாள் முடங்கிக் கிடப்பவர், அந்தப் பத்து நாளைக் காட்டியே நிராகரிக்கப்படலாம். பாதி இயலாமைக்குப் பாதிப் பென்ஷன் என்ற ஏற்பாடும் இதில் இல்லை. கிடைத்தால் கிடைத்தது, இல்லையென்றால் இல்லை.

சரி, கிடைத்தால் எவ்வளவு? சராசரி ஊகச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் தொடங்கும். ஊகச் சம்பளம் என்பது சந்தா அட்டவணையில் உங்கள் சம்பளம் விழும் படிக்கு உரிய தொகை. முதல் 24 மாதச் சந்தாவுக்கு மேல் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு விழுக்காடு கூடும், 65-ஐத் தாண்டாது. எட்டு ஆண்டு, அதாவது 96 மாதம் கட்டியவர் என்றால் 24 போக மீதி 72 மாதத்துக்கு ஆறு விழுக்காடு, ஆக 56. சராசரி 2,400 வெள்ளியானால் மாதம் 1,344 வெள்ளி. 2024 அக்டோபரிலிருந்து சந்தாவுக்கான சம்பள வரம்பு 6,000 வெள்ளி. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் கணக்கில் சேராது. இலாட் நிலை நீடிக்கும்வரை பென்ஷன் வந்துகொண்டிருக்கும். எப்போதும் இன்னொருவர் துணை வேண்டும் என்று மெடிக்கல் போர்ட் (மருத்துவர் குழு) சான்று தந்தால் கவனிப்பு அலவன்ஸ் மாதம் 500 வெள்ளி தனி.

பலரைக் காலை வாரிவிடுவது சந்தாக் கணக்கு. நோய் எப்போது தொடங்கியது என்பதை வைத்து இது ஓடுவதில்லை. இலாட் நோட்டீஸ், அதாவது உழைக்க முடியவில்லை என்ற அறிவிப்பு, சொக்சோ கையில் கிடைக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அதற்கு முந்தைய 40 மாதத்தில் குறைந்தது 24 மாதம் சந்தா இருந்தால் முழுத் தகுதி. அது இல்லையென்றால், முதல் சந்தா தொடங்கிய நாளிலிருந்து நோட்டீஸ் வரையான மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தாலும், மொத்தம் 24-க்குக் குறையாமல் இருந்தால், முழுத் தகுதிதான். அதுவும் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கும் மொத்தம் 24-உம் இருந்தால் குறைந்த தகுதி: எத்தனை ஆண்டு கட்டியிருந்தாலும் 50 விழுக்காட்டோடு நின்றுவிடும். எதற்கும் எட்டாமல், ஆனால் 12 மாதமாவது கட்டியிருந்தால், தொழிலாளியும் முதலாளியும் இந்தத் திட்டத்துக்குக் கட்டியது வட்டியோடு ஒரே தடவையாகத் திரும்பி வரும். அது சின்னத் தொகை, மருந்துச் செலவுக்கே காணாது. எந்த வழியானாலும் நோட்டீஸ் கொடுக்கும்போது வயது 60-ஐத் தொட்டிருக்கக் கூடாது; தொட்டிருந்தால், 60-க்கு முன்பே இலாட் நிலை வந்துவிட்டது, அதன்பின் வேலை பார்க்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2018 ஜனவரியிலிருந்து 2023 டிசம்பர் வரை விடாமல் 72 மாதம் கட்டியவர், வலி தாங்காமல் வேலையை விட்டார். 40-க்கு 24 என்ற விதிப்படி அவருக்குப் பதினாறு மாத இடைவெளிதான் தாங்கும். 2025 மே மாதத்துக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். தவறினாலும் அவர் இடைவிடாமல் கட்டியவர் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு விதி காப்பாற்றும். 72 மாதச் சந்தாவுக்கு 36 மாத இடைவெளிவரை அது தாங்கும், அதாவது 2026 முடியும்வரை. அதன்பின் நீண்ட காலத்துக்குக் குறைந்த தகுதி மட்டுமே. இப்போது இன்னொருவரைப் பாருங்கள். பத்து ஆண்டு முன்னால் முதல் வேலை. ஆறு மாதம் இங்கே, எட்டு மாதம் அங்கே, நடுவில் அறுவை, நடுவில் சந்தா பிடிக்காத தினக்கூலி. மொத்தம் 30 மாதச் சந்தா, கடைசி 40 மாதத்தில் 24 இல்லை. 120 மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு 40, அவரிடம் இருப்பதோ 30. நோய் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் பென்ஷன் கிடையாது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களின் வேலை வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாமவர் போலத்தான் துண்டு துண்டாக இருக்கும். நோய் வேலையைத் துண்டாக்குகிறது. துண்டான வேலையைக் காட்டி, நோய்க்கான உதவியைச் சட்டம் மறுக்கிறது. திருத்த வேண்டிய விதி இது.

ஆகவே முதல் வேலை, ஐ.சி.-யை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு சொக்சோ கவுண்டருக்குப் போய்ச் சந்தாப் பட்டியலை வாங்குவது. முதலாளி சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மாதங்கள் இருக்கின்றனவா என்று சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிடித்ததற்குச் சீட்டு இருந்தால் அதைக் காட்டிப் புகார் கொடுக்கலாம். வீட்டில் முறுக்கு, கேக் செய்து விற்பவர்கள் சுயதொழில் திட்டத்தில் கட்டும் பணம் இந்தக் கணக்கில் சேராது, அது தொழில் விபத்துக்கு மட்டும். வேலைக்கே போகாத 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரில் தனித் திட்டம் வந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு 120 வெள்ளி, அதில் இலாட் பாதுகாப்பும் இருக்கிறது. தெரியாமலே விட்டவர்கள் நம் மக்களில் நிறையப் பேர்.

இரண்டாவது எச்சரிக்கை ராஜினாமாக் கடிதம் பற்றியது. எம்.சி. (மருத்துவ விடுப்பு) தீர்ந்து, மேனேஜரின் முகம் மாறியதும், மானத்துக்குப் பயந்து கடிதம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். கொஞ்சம் பொறுங்கள். வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு கூடிய எம்.சி. ஆண்டுக்கு, வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்கும் 60 நாள், 2023 ஜனவரியிலிருந்து இதற்கு வெளியே தனியாக எண்ணப்படுகிறது. லாப்பராஸ்கோப்பிக்கு (சிறு துளை வழி அறுவைக்கு) படுத்த நாள்களைச் சாதாரண எம்.சி.-யில் கழித்திருந்தால் ஆபீஸில் கேட்டுத் திருத்துங்கள். தானாக விலகியவருக்கு வேலை இழப்புக் காப்புறுதியும் கிடைக்காது. வேலையில் இருந்துகொண்டே இலாட் நோட்டீஸ் கொடுக்கலாம், பென்ஷன் மட்டும் வேலை நின்ற பிறகு ஓடத் தொடங்கும். கம்பெனியே உடல்நிலையைக் காட்டி ‘போர்ட் அவுட்’ செய்தால் காரணத்தைத் தெளிவாக எழுதிய கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கடிதம் பிறகு சாட்சியாக நிற்கும்.

இனி டாக்டர் ரிப்போர்ட். விண்ணப்பத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: ‘எண்டோமெட்ரியோசிஸ் நோயாளி. ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறார். ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கப்படும்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வரியும் சேர்ந்து, வைத்தியத்தில் கட்டுப்பட்டிருக்கும் நோய் என்ற படத்தையே தருகின்றன. டாக்டரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம்தான் கிடைக்கிறது, சொக்சோ என்ன கேட்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கேட்க வேண்டியது நாம்.

எனவே யூனிட் ரெக்கோட் என்னும் மருத்துவப் பதிவுப் பிரிவில் ரிப்போர்ட்டுக்குப் பணம் கட்டும்போதே ஒரு பக்கக் குறிப்பைத் தயாராக வைத்திருந்து டாக்டருக்குச் சேர்ப்பித்துவிடுங்கள். அதில் வலி தொடங்கிய ஆண்டு, ஒவ்வொரு லாப்பராஸ்கோப்பியின் தேதி, உள்ளே கண்டது இருக்கட்டும். மருந்துகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: டைனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் தினமும், எத்தனை மாதம், ஏன் நிறுத்தினார்கள், லியூப்ரோலைடு ஊசி எத்தனை, அதன்பின் என்ன ஆனது, வலி நரம்புக்கான கபாபென்டின் அல்லது அமிட்ரிப்டிலின் எவ்வளவு, தூக்கமும் தலைச்சுற்றலும் எப்படி. கடைசியாக முக்கியமான பகுதி: தொடர்ந்து எத்தனை நிமிடம் உட்கார முடியும், நிற்க முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் எழ முடியாது, கடந்த ஓராண்டில் எத்தனை முறை அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தது. ‘ஒழுங்கான வேலை எதையும், உட்கார்ந்து செய்யும் வேலை உட்பட, இவரால் தொடர்ந்து செய்ய முடியுமா, இந்த நிலை மாறும் வாய்ப்பு உண்டா’ என்ற கேள்விக்கு டாக்டர் தன் கருத்தை எழுத வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். எழுதுவதும் எழுதாததும் அவர் விருப்பம். கேட்பது நம் உரிமை.

மகப்பேறு, பெண்நோய் நிபுணரின் ரிப்போர்ட் மட்டும் போதாது என்பதே எங்கள் உறுதியான எண்ணம். அவர் திசுவைப் பார்க்கிறார். வலியைப் பார்ப்பவர் வலி நிபுணர். கோலாலம்பூரில் பெண்நோய்ச் சிகிச்சைக்கு துங்கு அசிசா ஆஸ்பத்திரிக்கோ லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ போகிறவர்கள், செலாயாங் ஆஸ்பத்திரியின் வலி கிளினிக் போன்ற ஓர் இடத்துக்கு ரெஃபரல் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியின் பதிவு இன்னோர் ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்காதீர்கள். ஒவ்வொரு இடத்துத் தாளையும் நகல் எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள். தெராபி சாராகெர்ஜா என்னும் செயல்முறைச் சிகிச்சைப் பிரிவில் உடல் இயக்கத்தை அளந்து தரும் மதிப்பீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு, உட்காரும் நேரமும் தூக்கும் எடையும் நோயாளி சொன்னதாக இல்லாமல் அளந்து பார்த்ததாக அதில் இருக்கும். மனச்சோர்வும் இருந்தால் மனநல மருத்துவரின் பதிவையும் சேருங்கள். ‘எல்லாம் மனசுதான்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அதை மறைக்கிறார்கள். மறைத்தால் பாதி நோய் ஃபைலில் இல்லாமலே போய்விடும்.

மொழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. தமிழில் நாம் ‘இடுப்பு வலி’ என்கிறோம். அதை மலாயில் ‘சாக்கிட் பிங்காங்’ என்று சொன்னதும் முதுகுவலி என்று அட்டையில் ஏறிவிடும். அப்புறம் எலும்புப் பிரிவு, எக்ஸ்ரே, தைலம் என்று ஓர் ஆண்டு ஓடிவிடும். பின்னாளில் போர்டில் உட்காருபவர் ஃபைலைப் புரட்டும்போது ஒரு பக்கம் முதுகு, ஒரு பக்கம் கருப்பை என்று இருந்தால் நோயின் தொடர்ச்சியே அறுந்துவிடும். அடிவயிறு என்றால் ‘பாவா பெருட்’ என்று சொல்லுங்கள், கையை வைத்துக் காட்டுங்கள். அதைவிட மோசமான சொல் ‘செங்குகுட்’. அது சாதாரண மாதவிடாய் வலிக்கான மலாய்ச் சொல். அதைச் சொன்னதும் கேட்பவர் மனத்தில் பொன்ஸ்தான் இரண்டு மாத்திரையும் வெந்நீர்ப் பையும்தான் தோன்றும். ‘சாக்கிட் பெல்விஸ் குரோனிக்’ என்றால் நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலி என்று சரியான இடத்தில் போய் உட்காரும். ‘கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்’ என்று மரியாதைக்குச் சொல்லும் நம் பழக்கமும் ‘நோயாளி தேறி வருகிறார்’ என்று பதிவாகிவிடும். கேட்ட அன்று பரவாயில்லை என்றால், ‘இன்று பரவாயில்லை, போன வாரம் நான்கு நாள் எழவில்லை’ என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அதற்குத்தான் வலிக் குறிப்பேடு. பத்து வெள்ளி டைரி போதும். எழுதும் முறை முக்கியம். ‘இன்று ரொம்ப வலி’ என்று தொண்ணூறு நாள் எழுதினாலும் பயன் குறைவு. ஒரு நாள் பதிவு இப்படி இருக்கட்டும்: ‘செவ்வாய், மாதவிடாய்ச் சுழற்சியின் 19-ஆம் நாள். காலை 5.40 வலியில் விழிப்பு, பத்துக்கு எட்டு. மெஃபனமிக் 500, 6.00 மணிக்கு. 7.30-க்கு ஆறாகக் குறைந்தது. தோசைக்கு மாவு ஊற்ற நின்றது 10 நிமிடம், பிறகு உட்கார்ந்தேன். மலம் கழிக்கும்போது ஒன்பது. மதியம் கபாபென்டின், 2 முதல் 5 வரை தூக்கம். துணி உலர்த்தவில்லை. வாசலுக்குப் போனது ஒரு முறை.’ நாளும் நேரமும், நிமிடக் கணக்கும், செய்ய முடியாமல் போன வேலையும் இருப்பதால் இதை யாராலும் படித்து எடை போட முடியும். 19-ஆம் நாள் என்ற குறிப்பு, வலி மாதவிடாயோடு முடிவதில்லை என்று தானாகவே சொல்லிவிடும். நன்றாக இருந்த நாளையும் எழுதுங்கள். எல்லா நாளும் பத்துக்குப் பத்து என்றால் நம்ப மாட்டார்கள். மூன்று மாதக் குறிப்பைப் பார்த்தாலே மாதத்தில் எத்தனை நாள் உழைப்புக்கு மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ‘முடித்துத் தருகிறேன், வரும் பணத்தில் இத்தனை விழுக்காடு’ என்று வரும் ஏஜெண்டுகளை அண்டவிடாதீர்கள். விண்ணப்பப் பாரம், ஐ.சி. நகல், டாக்டர் ரிப்போர்ட், வங்கிக் கணக்கு, சம்பள விவரம் இவை இருந்தால் போதும். ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கொண்டு நோட்டீஸைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கு ஓடுவது நோட்டீஸ் தேதியிலிருந்து என்பதால், முடிந்தவரை முன்னதாகக் கொடுத்து, பெற்றுக்கொண்ட தேதியோடு சாப் அடித்த நகலை வாங்கி வையுங்கள்.

மற்றக் கதவுகளைப் பற்றிக் கேட்கிறார்கள். ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை வேறு இலாகா, வேறு சட்டம். சமூகநல இலாகா ஏழு வகைகளில் பதிவு செய்கிறது: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை. எண்டோமெட்ரியோசிஸோ நாள்பட்ட வலியோ தனி வகையாக இல்லை. நரம்பு பாதித்துக் கால் வலுவிழந்தது போன்ற நிலையான உடல் குறை இருந்தால்தான் வழி உண்டு. ஊழியர் சேமநிதியில் இயலாமைக்காக 55 வயதுக்கு முன்பே முழுச் சேமிப்பையும் எடுக்கலாம். எடுத்தால் முதுமைக்கு ஒன்றும் மிஞ்சாது, ஆகவே இலாட் முடிவு தெரியும்வரை பொறுப்பது நல்லது. புதிதாக மெடிக்கல் கார்டு எடுப்பவர்கள் கவனிக்க: எண்டோமெட்ரியோசிஸ் ‘குறிப்பிட்ட நோய்’ப் பட்டியலில் இருக்கிறது, முதல் 120 நாளைக்குப் பாதுகாப்பு இல்லை.

மெடிக்கல் போர்டுக்கு அழைப்பு வந்தால், அன்று கூடுதல் மாத்திரை போட்டு, நிமிர்ந்து நடந்து, பளிச்சென்று போகாதீர்கள். நடிக்கவும் வேண்டாம். வழக்கமான நாளில் எப்படியோ அப்படியே போங்கள். போட்ட மருந்தையும் நேரத்தையும் சொல்லுங்கள். உட்கார முடியாவிட்டால் எழுந்து நிற்க அனுமதி கேளுங்கள். வீட்டில் கூட இருந்து பார்க்கும் அக்காவோ கணவரோ துணைக்கு வரட்டும். ‘சமைப்பீர்களா?’ என்று கேட்டால் வெறும் ‘ஆமாம்’ போதாது. ‘வாரத்தில் இரண்டு நாள், உட்கார்ந்து காய் நறுக்குவேன், மற்றதெல்லாம் மாமியார்’ என்பதுதான் பதில்.

சில விண்ணப்பங்களை சொக்சோ 2007-இல் தொடங்கிய ‘வேலைக்குத் திரும்புதல்’ திட்டத்துக்கு அனுப்புவார்கள். அதை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சேவையில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். தனி கேஸ் மேனேஜர் ஒருவர் கிடைப்பார், பிசியோ ஏற்பாடாகும், முதலாளியிடம் பேசி நாற்காலி, வேலை நேரம், வீட்டிலிருந்து வேலை என்று மாற்றம் கேட்க ஆள் கிடைக்கும். இன்னும் பாதி சக்தி மிச்சமிருக்கும் பெண்ணுக்கு, கிடைக்காத பென்ஷனைவிட இது பெரிய உதவி. முயன்றும் முடியவில்லை என்றால் அந்தப் பதிவே அடுத்த விண்ணப்பத்துக்கு வலுவான சாட்சி ஆகும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் தேதியை முதலில் பாருங்கள். மேல்முறையீட்டு மெடிக்கல் போர்டுக்குப் போக 90 நாள்தான் உண்டு. காரணம் சந்தாக் குறைவா, மருத்துவமா என்று பிரித்துப் படியுங்கள். மருத்துவம் என்றால் பழைய ரிப்போர்ட்டையே மறுபடி அனுப்புவதில் பயனில்லை. ‘சிகிச்சை முடியவில்லை’ என்றார்களா? அதன்பின் நடந்த சிகிச்சையின் முடிவை எழுதி வாங்குங்கள். ‘இலகுவான வேலை செய்யலாம்’ என்றார்களா? சாராகெர்ஜா மதிப்பீட்டையும் வலி நிபுணரின் கடிதத்தையும் வையுங்கள். ரிப்போர்ட் கைக்கு வரவே பல வாரம் ஆகும், ஆகவே கடிதம் வந்த வாரத்திலேயே யூனிட் ரெக்கோட் கவுண்டரில் போய் நில்லுங்கள். முடியாதவர்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் ஐ.சி. நகலும் கொடுத்து வீட்டிலிருந்து யாரையாவது அனுப்புங்கள்.